சிவப்பு வந்துச்சா?

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதுவோ வயரும் கரண்ட்டும் வருகிற கதை. ஒரு ஸ்க்ரூவின் பேரைத் தப்பாக எழுதினால்கூட என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, "பார்த்தீங்களா, இவளுக்கு ஒண்ணு ஒழுங்கா சொல்லத் தெரியாது" என்று ஊரைக் கூட்டிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக இதே வசனம்தான். இப்போதெல்லாம் உப்பு வாங்கக் கடைக்குப் போனால்கூட வெளியே நின்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்.

கல்யாணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது. ஒரு கிலோ தக்காளி வாங்கி வந்தார். பாதி காய், பாதி பழம்.

"பார்த்து வாங்கக் கூடாதாங்க?"

"பார்த்துத்தான் வாங்கினேன்."

அடுத்த வாரம் கூடவே போனேன். மனிதர் தக்காளியைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துக் கூடையில் போட்டார். கடைக்காரர் பார்த்த பார்வையில் எனக்கே தலை குனிந்தது.

பஸ் டிரைவர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உயரம் போதவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். அவர் ஆறடி. எங்கள் வீட்டு வாசல் நிலையில் தினம் ஒருமுறை தலையை இடித்துக்கொள்கிறவர். இருந்தும் யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ஆண்பிள்ளை சொன்னால் ஆறடியும் குட்டைதான்.

டிரைவர் ஆக முடியாதவர் அதே டிப்போவில் டைம் கீப்பர் ஆனார். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிற வேலை. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். நிறம் பார்த்து நூல் எடுப்பதுதான் என் பிழைப்பே. அதனால் அவருடைய சாக்ஸுக்கெல்லாம் உள்பக்கம் முடிச்சுப் போட்டு வைத்தேன். பிரவுனுக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, மெரூனுக்கு மூன்று. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்து மாட்டிக்கொண்டு போவார். இப்படி இருபத்திரண்டு வருஷம் அவர் மானத்தைச் சாக்ஸுக்குள் முடிந்து வைத்திருந்தேன்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

டிப்போவுக்கு எதிரே ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அதை மூடினார்கள். காசு போட்டு விளையாடுகிற பழைய பெட்டி ஒன்றை யாரும் எடுக்கவில்லை. பீரோ உயரம், பீரோ கனம். உள்ளே பழைய டிவி மாதிரி ஒரு பிக்சர் டியூப். முன்னால் சின்ன ஸ்டியரிங், கீழே ஒரு பெடல். கார்ப் பந்தயம். அதை நாலு பேர் தூக்கி வந்து எங்கள் கூடத்தில் இறக்கினார்கள்.

"பதினஞ்சே நாள். சரி பண்ணி டிப்போ ஓய்வறையில வைக்கிறேன். மேனேஜர்கிட்ட வாக்கு குடுத்துட்டேன்."

"உங்களுக்கு இந்த ரிப்பேர் தெரியுமாங்க?"

"தெரிஞ்சுக்கிட்டா தெரியும்."

எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் கீழே என் தையல் மிஷின். அந்த இடத்தில்தான் பிளக் பாயின்ட்டும் இருந்தது. மிஷின் குளியலறைக்குப் போகிற நடைக்கு மாறியது. பெட்டி ஜன்னலடிக்கு வந்தது. வந்த பிறகு, வெளிச்சம் பட்டுத் திரை சரியாகத் தெரியவில்லை என்று ஜன்னலில் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டார். வீட்டில் இருந்த ஒரே வெளிச்சத்தை எனக்கு இல்லை என்று பிடுங்கி, தனக்கும் வேண்டாம் என்று மூடியவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஸ்விட்சைப் போட்டார். படம் வந்தது. புல்வெளி பச்சை, வானம் நீலம், அது சரி. ஆனால் பெட்டி மேல் சிவப்பாக வரைந்திருந்த கார் திரையில் கரிக்கட்டையாக ஓடியது. வெள்ளைக் கோடெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறின பிணம் மாதிரி ஒரு நிறம்.

"அட, நல்லாத்தானே இருக்கு" என்றார்.

என் தங்கை வீட்டுக்காரர் டிவி மெக்கானிக். அன்று வந்திருந்தார். "சகலை, சிவப்பே இல்லையே" என்றார்.

"அதைத்தான் சொல்ல வந்தேன் சகலை. சிவப்பு கொஞ்சம் கம்மி."

"கம்மி இல்லை, சுத்தமா இல்லை. விடுங்க, நான் ஒரு நாள் வந்து பார்த்துத் தர்றேன். உங்களால ஆகாது."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் முகம் என்ன நிறமானது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"நானே பண்றேன். யாரும் தொட வேண்டாம்."

தங்கை வீட்டுக்காரர் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணி, பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்த டியூப்ல கரண்ட் தங்கியிருக்கும். பின்னால கை விடும்போது ஒரு கையை பாக்கெட்ல வெச்சுக்கச் சொல்லுங்க. ரெண்டு கையும் உள்ளே போனா, ஒண்ணுல ஏறி நெஞ்சு வழியா இன்னொண்ணுல இறங்கும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் போனது. வீட்டில் போடுகிற கால்சட்டையில் பாக்கெட் கிடையாது. நானே ஒன்று தைத்துக் கொடுத்தேன். இரட்டைத் தையல்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. பெட்டிக்குப் பின்னால் அவர், முன்னால் நான். டியூபின் கழுத்தடியில் நிறத்துக்கு ஒன்றாக மூன்று குட்டித் திருகு. அவர் திருக வேண்டும், நான் நிறம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்திவிட்டுத் தாங்களே பார்த்துக்கொள்வார்களாம். இவருக்கு ஆள் உயரக் கண்ணாடி வைத்தாலும் என்ன பயன்?

"இப்போ?"

"பச்சைங்க. பாக்கெட்டுல கை இருக்கா?"

"இருக்கு. இப்போ?"

"இன்னும் பச்சை."

"எவ்வளவு பச்சை?"

"முன்னை விடப் பச்சை. ஆனா அந்த ஓரத்துல கொஞ்சம்..."

"கதை சொல்லாதே. இப்போ?"

"நீலம். பாக்கெட்டுல கை..."

"இருக்குடீ. கேட்டதுக்கு மட்டும் ஒரே வார்த்தையில பதில் சொல்லு. ஆனா ஆவன்னா எதுவும் வேண்டாம். நீ சொல்ற லட்சணத்துல எனக்கு எது சிவப்பு எது பச்சைன்னே குழம்பிப் போகுது."

நான் சொன்ன லட்சணத்தில்தான் குழம்பிப் போனதாம்.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்டார். நடைக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடி, தைக்கிற துணி ஊசியிலேயே கிடந்தது. ஒரு நாள் பள்ளிக்கூட டீச்சரம்மா வந்தார். வருஷா வருஷம் அந்தப் பள்ளியின் விளையாட்டுச் சீருடை என்னிடம்தான் வரும். மற்றதெல்லாம் சில்லறைத் தையல். அந்தச் சீருடைதான் என் மிஷினை வருஷம் முழுக்க ஓட்டுகிறது. மாதிரிக்கு ஒரு மெரூன் சட்டை தைத்து வைத்திருந்தேன். நடையில் ஒரு மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் தைத்தது.

டீச்சரம்மா சட்டையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். "என்னம்மா இது? துணி மெரூன். நூல் பிரவுன் இல்லையா?"

பார்த்தேன். பிரவுன்தான். இருபது வருஷத் தையலில் நூல் தப்பியது அன்றுதான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அவளுக்குக் கலர் கண்ணே கிடையாது மேடம். நானும் ஒரு வாரமா இவளை வெச்சுக்கிட்டுப் படாத பாடு படறேன்."

டீச்சரம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சனிக்கிழமை காலையில வர்றேன். இன்னொண்ணு தைச்சு வைங்க. சரியா இருந்தா பார்ப்போம். இல்லேன்னா வேற இடத்துல குடுத்துடறேன், தப்பா நினைக்காதீங்க."

அவர் போன பிறகு கேட்டேன். "ஏங்க, எனக்கா கலர் கண் இல்லை?"

"பின்னே? நூல் தப்பா போட்டது யாரு?"

"இருட்டுல உட்கார வெச்சது யாரு?"

"எல்லாத்துக்கும் ஒரு சாக்கு. முடியலேன்னா மிஷினை வித்துடு."

மறுபடியும் பின்னால் போனார். முதல் தடவையாக நான் பாக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் பொறுத்துப் பயம் வந்து கேட்டுவிட்டேன். அது வேறு விஷயம்.

புதன்கிழமை தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"சகலை, திருகினது போதும். போர்டுலேருந்து திரைக்கு நாலு வயர் போகும், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு. பேருக்கு ஏத்த கலர்தான். அதுல சிவப்பு வயர் நுனியில இருக்கற குட்டிப் பிளக்குக்குள்ள விட்டுப் போயிருக்கும். அந்தப் பிளக்கைப் பிரிச்சு, ஈயத்தால பத்த வெச்சுடுங்க. பத்து நிமிஷ வேலை."

"தெரியும் தெரியும். அங்கேதான் வந்துக்கிட்டு இருக்கேன்."

சகலை சொன்ன பத்து நிமிஷ வேலைக்கு இவர் ஒரு வாரம் சுற்றுப் பாதையில் வந்திருக்கிறார். பிளக்கைப் பிரித்தார். ஒரு வயர் அறுந்துதான் இருந்தது. அதை மட்டும் பற்றவைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவருக்கு எதையும் முழுசாகச் செய்தால்தான் திருப்தி. நாலு வயரையும் கழற்றி, பிளக்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, திரும்ப உட்கார்ந்தார்.

நான் நடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீலத்தைச் சட்டென்று வைத்துவிட்டார். கறுப்பையும் வைத்துவிட்டார். மிச்சம் இரண்டு வயர், இரண்டு ஓட்டை. கையில் தூக்கிப் பிடித்தார். கண்ணருகே கொண்டுபோனார். படுக்கை விரிப்பை விலக்கி வெளிச்சத்தில் காட்டினார். கடைசியில் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். வயர் பழுப்பதில்லை.

என்னைக் கூப்பிட்டு, "இதுல எது சிவப்பு?" என்று கேட்க மூன்று வார்த்தை போதும். மூன்று வார்த்தைக்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொண்டு பற்றவைத்தார்.

ஸ்விட்சைப் போட்டார். "ஏய், இங்கே வா."

போய் முன்னால் நின்றேன். வானம் நீலம். கோடு பளிச்சென்று வெள்ளை. கரிக்கட்டையாக ஓடிய கார் இப்போது கிளிப்பச்சையில் ஓடியது. இரண்டு பக்கமும் புல்வெளி ரத்தச் சிவப்பு. ஆட்டை அறுத்துப் போட்ட இடம் மாதிரி இருந்தது.

"சிவப்பு வந்துச்சா?"

"வந்துச்சுங்க, ஆனா..."

"ஆனா கீனா வேண்டாம்னு சொல்லியிருக்கேன். ஒரே வார்த்தை. சிவப்பு வந்துச்சா, இல்லையா?"

இந்த இடத்தில்தான் நான் செய்தது சரியா தப்பா என்று இன்னும் புரண்டு புரண்டு படுக்கிறேன். ஜன்னலைப் பார்த்தேன். விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

"வந்துச்சு" என்றேன்.

"அப்படிச் சொல்லு" என்று முன்னால் வந்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஓட்டினார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திருப்பத்தில் உடம்பையும் சேர்த்துச் சாய்த்து, வாயாலேயே ஹாரன் அடித்து. டிரைவர் வேலை கிடைத்திருந்தால் இந்த முகத்தோடுதான் தினம் வீட்டுக்கு வந்திருப்பார் என்று தோன்றியது. சொல்லிவிடலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். "ஏய், குறுக்கே நிக்காதே, மறைக்குது" என்றார். போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் டிரைவர்கள் நாலு பேர் வந்து பெட்டியைத் தூக்கிப் போனார்கள். தெருமுனை திரும்பியதும் விரிப்பைக் கழற்றினேன். மிஷினை ஒற்றை ஆளாக இழுத்து ஜன்னலடியில் போட்டேன். நூல் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு நிறமும் அதனதன் பேரைச் சொல்லிக்கொண்டு எழுந்தது.

மத்தியானம் டிப்போவில் நடந்ததைத் தங்கை வீட்டுக்காரர் போனில் சொன்னார். சகலையிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ள இவர்தான் கூப்பிட்டிருக்கிறார். ஓய்வறை நிறைய டிரைவர்கள். மேனேஜர் முன் வரிசை. முதல் ஓட்டம் டைம் கீப்பர்தான் ஓட்ட வேண்டும் என்று உட்கார வைத்தார்களாம்.

"பந்தயம் ஆரம்பிக்கும்போது சிக்னல் வரும்ல அண்ணி. மேல சிவப்பு எரியும், அப்புறம் கீழ பச்சை எரிஞ்சா கிளம்பணும். இதுல மேல பச்சை எரியுது. சகலை கிளம்பாம கம்முன்னு உட்கார்ந்திருக்கார். டிரைவருங்க எல்லாம் 'போங்க சார், போங்க சார்'ங்கறாங்க. அவர் திரும்பிப் பார்த்து, 'நானா சிக்னல் தெரியாதவன்?'ங்கறார். கீழ சிவப்பு எரிஞ்சது. ஒரே அமுக்கு, பறந்துட்டார்."

"அய்யோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஒரு கிழட்டு டிரைவர் எழுந்து, 'சார், அன்னைக்கு உங்க உயரத்தை அளந்தது எந்த டாக்டர்?'ன்னு கேட்டார். மேனேஜரே சிரிச்சுட்டார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷ முடிச்சு ஒரே நாளில் அவிழ்ந்துவிட்டதே என்று பாவமாக இருந்தது. "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"நீங்கதான் பார்த்துச் சொன்னீங்களாம் அண்ணி. உங்களுக்குக் கலர் தெரியாதாம். உங்களை நம்பி மோசம் போயிட்டாராம்."

பாவம் பார்த்ததும் அதோடு நின்றது.

சாயங்காலம் வந்தார். அன்று நிலையில் தலையைக்கூட இடித்துக்கொள்ளவில்லை. அவ்வளவு குனிந்து வந்தார்.

"நீ ஏன் சொல்லலை?"

"எதைங்க?"

"கலர் மாறியிருக்குன்னு."

"நீங்க அரை மணி நேரம் ஓட்டினீங்களே. பார்க்கலையா?"

அவர் வாயைத் திறந்தார். என்னைக் குற்றம் சொல்ல வேண்டுமானால் தனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அதை என்னிடம் இதுவரை சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க கேட்டது சிவப்பு வந்துச்சான்னு. எங்கே வந்துச்சுன்னு கேட்கலை. ஒரே வார்த்தையில சொல்லச் சொன்னீங்க. சொன்னேன்."

சனிக்கிழமை டீச்சரம்மா வந்தார். மெரூன் துணி, மெரூன் நூல். ஜன்னலில் பிடித்துப் பார்த்தார், தையல் எங்கே ஓடுகிறது என்றே தெரியவில்லை. "இது நீங்க தைச்சதுதானா? உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு ஏதோ சொன்னாரே" என்றார்.

"அவர் விளையாட்டுக்குச் சொல்வார் மேடம்" என்றேன். உள்ளே அவர் செய்தித்தாளைப் புரட்டுகிற சத்தம் நின்றது. சீருடைத் துணி மூட்டையைப் பள்ளியிலிருந்து அன்றே இறக்கிவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அறிவித்தார். "நாளைக்குச் சாயங்காலம் பெட்டியைத் திரும்பக் கொண்டு வர்றேன். அதே இடம்."

"தங்கச்சி வீட்டுக்காரர் அங்கேயே வந்து..."

"யாரும் தொடக் கூடாது."

"சரிங்க. கொண்டு வாங்க. முன்னால நின்னு கலர் யார் சொல்வாங்க?"

"நீதான். வேற யாரு?"

"எனக்குத்தான் கலர் தெரியாதே. டிப்போவுக்கே தெரிஞ்சு போச்சு. மறுபடியும் என் பேச்சைக் கேட்டா உங்களைத்தானே சிரிப்பாங்க?"

அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை மிஷினில் இருந்தேன். பின்னால் வந்து நின்றார். கையில் புது சாக்ஸ். போன வாரம் வாங்கியது. பெட்டி வேலையில் முடிச்சுப் போட நேரம் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நேரம் கிடைத்தது, போடவில்லை. உள்ளே விரலை விட்டு விட்டுப் பார்த்திருக்கிறார் போல, ஒன்றின் வாய் தளர்ந்திருந்தது.

"ஏம்மா."

"சொல்லுங்க."

"இது ரெண்டும் ஒரே கலரா?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார். ஒன்று பச்சை, ஒன்று மெரூன். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அது வருவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது.

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் உட்கார்ந்து இரண்டையும் மாட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனார்.

மிச்ச ஜோடிகள் மேசை மேல்தான் இருக்கின்றன. இன்னொரு தடவை கேட்டால் சொல்வேன். முடிச்சும் போடுவேன். ஆனால் கேட்க வேண்டும்.

அவர் போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோபத்தில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால்? அடுத்த தெருத் தச்சரைக் கூப்பிட்டு, ஜன்னலடியில் தரையில் நாலு ஓட்டை போட்டுத் தரச் சொன்னேன். தச்சர் போன பிறகு கதவைத் தாழிட்டு, நான் பாக்கெட் தைத்துக் கொடுத்த அவருடைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, மிஷினின் நாலு இரும்புக் காலையும் தரையோடு சேர்த்து நானே போல்ட் போட்டு முறுக்கினேன். கரண்ட் கிடையாது, வயர் கிடையாது, வெறும் இரும்பு. இருந்தாலும் கடைசி போல்ட்டை முறுக்கும்போது ஒரு கையைப் பாக்கெட்டுக்குள்தான் வைத்திருந்தேன்.